ஆயிரத்து முந்நூற்று இருபத்தேழுக்கு அடுத்த எண்

சுடலைவடிவுக்குப் பன்னிரண்டு மாதம் முடிந்தும் பிள்ளை பிறக்கவில்லை என்பதில் கருக்கன்விளைக்காரர்களுக்கு வருத்தம் இருந்ததே தவிர ஆச்சரியம் கொஞ்சமும் இருக்கவில்லை. ஊரின் ஆள் கணக்கு அப்போது ஆயிரத்து முந்நூற்று இருபத்தேழில் நின்றது. அதற்கு மேல் ஒரே ஓர் ஆளைக் கூட்டுவது அந்த ஊரில் நடக்கிற காரியம் இல்லை என்பது பால்குடிப் பிள்ளைகளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

ஏன் அப்படி என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. எப்போதிலிருந்து என்று கேட்டால் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆவணி மாதம், ஊருக்கு மருமகளாக வந்த ஒரு பெண் அம்மன் கோயில் முற்றத்தில் இருக்கும் ஊர்ப்பானையில் வழக்கப்படி தன் கையால் ஒரு பிடி அரிசி போட்டுப் பேரைச் சொன்னாள். மூன்று கட்டு விறகு எரிந்து சாம்பலான பிறகும் அரிசி அரிசியாகவே கிடந்தது. அந்தப் பானையில் வெந்த சோற்றில் ஒரு கவளம் சாப்பிட்டால்தான் வெளியாள் ஊர்க்காரராக முடியும் என்பது கருக்கன்விளையின் சட்டம். பிறக்கிற பிள்ளைக்கு மட்டும் சோறு வேண்டாம், அழுதால் போதும். ஒருமுறை சேர்ந்துவிட்டால் திருப்பூருக்குப் பிழைக்கப் போனாலும் துபாய்க்குப் பறந்தாலும் அவர் கணக்கு இங்கேதான். கணக்கிலிருந்து கழிவதற்கு இரண்டே வழி உண்டு. பெண்ணாக இருந்தால் வேறு ஊருக்கு வாக்கப்பட்டுப் போகலாம், இல்லையென்றால் யாராக இருந்தாலும் செத்துப் போகலாம். வேகாத அரிசியைப் பார்த்து அந்தப் பெண் இரண்டு நாள் கோயில் வாசலிலேயே அழுதுகொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் மேலத்தெருவுக்கு இன்னொரு மருமகள் வந்து அவளும் ஒரு பிடி போட்ட மறுநிமிடம் பானை தளதளவென்று கொதித்தது.

அந்தச் சமயத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வீடு வீடாக அலைந்துகொண்டிருந்தவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் அமலோற்பவம். ஆயிரத்து இருநூற்று எண்பத்தொன்பதில் நின்ற ஊர் தொண்ணூறில் கால் வைக்க மறுத்துவிட்டு நேரே தொண்ணூற்றொன்றுக்குத் தாவியதை முதலில் கண்டவர் அவர்தான். புளியங்கொட்டையைக் கொண்டுவந்து கோயில் முற்றத்தில் பரப்பி, பன்னிரண்டு கொட்டையை மூன்று வரிசையாகவோ நாலு வரிசையாகவோ சமமாக அடுக்கலாம், பதிமூன்றை எப்படி அடுக்கினாலும் மிச்சம் துருத்திக்கொண்டு நிற்கும், இப்படி எவருக்கும் சமமாகப் பிரியாத எண்ணுக்குத்தான் பகா எண் என்று பேர், நம்ம ஊர் அந்த எண்களில்தான் நிற்பேன் என்கிறது என்று அவர் விளக்கியபோது, ஊர் கவனமாகக் கேட்டுக்கொண்டது. பிறகு அதற்குத் தகுந்தபடி பிழைக்கக் கற்றுக்கொண்டது.

ரேஷன் கடைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினார்கள். அதில் டீச்சர் இன்றைய எண்ணையும் அடுத்த பகா எண்ணையும் எழுதிவைப்பார். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தைத் தொடுவதற்கு முன்னால் அந்தப் பலகையைப் பார்த்தார்கள். கல்யாணங்கள் நாலும் ஆறுமாகச் சேர்ந்து நடந்தன. சாகக் கிடந்த கிழவர்கள் மாற்றுக்கு ஆள் பிறக்கும்வரை எழுந்து உட்கார்ந்து சீட்டாடினார்கள், தோற்றால் சண்டையும் பிடித்தார்கள். ஒரு வீட்டில் ஒப்பாரி கேட்டால் அடுத்த தெருவில் பிள்ளைத்தாய்ச்சிக்கு வெந்நீர் வைத்துவிடுவார்கள். ஆயிரத்து முந்நூற்று ஒன்றிலிருந்து மூன்றுக்கு இரண்டே ஆள் போதும் என்பதால் அந்த வருடம் யாரும் யாருக்காகவும் அதிகம் காத்திருக்கவில்லை, அதை இன்றைக்கும் நல்ல வருடம் என்று சொல்வார்கள். கடைசியாகப் போன தை மாதத்தில் நாலு மருமகள்கள் வந்து, இரண்டு பிள்ளைகள் பிறந்து, ஊர் ஒரே நாளில் இருபத்தேழுக்கு ஏறியது. அதே முகூர்த்தத்தில் கல்யாண வயதில் இருந்த ஒன்பது பெண்களையும் வெளியூருக்குக் கட்டிக்கொடுத்து, ஒன்பது குழந்தைகளுக்கு வழிவிட்டாயிற்று. மிச்சம் இருந்த பெண்பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தார்கள்.

அன்றைக்குப் பலகையில் அடுத்த எண்ணை எழுதப் போன டீச்சர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா நின்றார். பிறகு ஆயிரத்து முந்நூற்று அறுபத்தொன்று என்று எழுதினார்.

"இடையில ஒண்ணுகூடவா இல்ல, டீச்சர்?" என்றார் ஊராட்சித் தலைவர் சண்முகசுந்தரம்.

"நானும் மூணு நாளா போட்டுப் பாத்துட்டேன். முப்பத்துநாலு ஆள் ஒண்ணா ஏறணும். இல்லன்னா ஒத்த ஆள் ஏற முடியாது."

ஊர் லேசில் நம்பிவிடவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து ஒவ்வோர் எண்ணாகப் பிடித்து வகுத்துப் பார்த்தார்கள். ஆயிரத்து முந்நூற்று முப்பத்தொன்று பதினொன்று பெருக்கல் பதினொன்று பெருக்கல் பதினொன்றாகப் பிளந்துகொண்டது. முப்பத்துமூன்றின் மேல் கீழத்தெருக்காரர்கள் நிறைய நம்பிக்கை வைத்திருந்தார்கள், அதை முப்பத்தொன்றும் நாற்பத்துமூன்றும் சேர்ந்து கவிழ்த்துவிட்டன. ஐம்பத்தேழைப் பார்த்தால் யாருக்கும் அடங்காத எண் மாதிரித்தான் இருந்தது, அதுவும் இருபத்துமூன்றுக்கு மடங்கிவிட்டது என்று தெரிந்த அன்று டீக்கடையில் யாரும் இரண்டாவது டீ சொல்லவில்லை. அந்த எண்களை விட்டுவிட்டு எல்லோரும் சுடலைவடிவின் வயிற்றைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

வடிவு பீடி சுற்றுகிறவள், வாயாடி, ஊரில் யாருக்கும் பயப்படாதவள். ஆனால் பத்தாம் மாதம் முடிந்தபோது அவளுக்குப் பயம் வந்தது. மினிபஸ் ஓட்டும் அவள் புருஷன் பேச்சிமுத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டரம்மா எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆபரேஷன் செய்துவிடலாம் என்று கத்தியைக் கையில் எடுத்தார், எடுத்ததும் தும்மினார். பதினேழு தும்மல் தும்மிவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார், தும்மல் நின்றது. எடுத்தார், மறுபடியும் பதினேழு. "நாளைக்குப் பாப்பமே" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னவர் அடுத்த மூன்று நாளும் அதையேதான் சொன்னார். பிள்ளை கணக்கில் கருக்கன்விளைப் பிள்ளை, எங்கே கொண்டுபோய்ப் பெற்றாலும் அதற்கு அந்தக் கணக்குத்தான் என்று புரிந்துகொண்டு இருவரும் வீடு திரும்பினார்கள்.

உள்ளே பிள்ளை சௌக்கியமாகத்தான் இருந்தது. உதைத்தது, விக்கியது, மினிபஸ் ஹாரன் கேட்டால் புரண்டு படுத்தது. ஆனால் வடிவால் குனிய முடியவில்லை, மல்லாந்து படுக்க முடியவில்லை, பீடித்தட்டை மடியில் வைக்க இடமில்லாமல் பக்கத்தில் ஸ்டூல் போட்டுச் சுற்றினாள். இப்படியே இரண்டு வருடம், மூன்று வருடம் ஓடிவிட்டால் என்று நினைக்கும்போது சுற்றிக்கொண்டிருந்த பீடியைத் தட்டிலேயே போட்டுவிடுவாள். அவளுக்குப் பின்னால் மாசமாக இருந்த மூன்று பெண்கள் அவளைப் பார்த்தாலே அழுதார்கள்.

ஊர் சும்மா இருக்கவில்லை. மும்பையில் இருக்கும் சொந்தங்களுக்கும் சென்னையில் இருக்கும் சம்பந்திகளுக்கும் போன் போட்டு, வந்து குடியேறுங்கள், வீடு தருகிறோம், முருங்கைத் தோட்டம் தருகிறோம் என்று கெஞ்சிப் பார்த்தார்கள். கருக்கன்விளைத் தண்ணீர் உப்பு என்பது மும்பை வரைக்கும் தெரிந்திருந்தது. ஏழு பேர் வருகிறோம் என்றார்கள், அதில் நாலு பேர் பிறகு போனை எடுக்கவில்லை.

இந்த இடத்தில்தான் ஊரின் கண்கள் மெல்ல வேறு பக்கம் திரும்பின. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எண்பதைத் தாண்டியவர்கள் கோயிலுக்கு வந்தால் எப்படி இருக்கிறீர்கள் என்ற விசாரிப்பு ஒரு நொடி நீண்டது. இருமினால் திரும்பிப் பார்த்தார்கள். வடிவுக்கு அது புரிந்ததும் உடம்பெல்லாம் கூசியது. கிழவர்கள் இருக்கும் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டாள்.

ஒருநாள் மத்தியானம் பேச்சிமுத்து சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவைத்தான். "ஆவுடையப்பன் தாத்தா நாலு நாளா சாப்பிடலியாம்," என்றான்.

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. சாப்பிட மாட்டேங்காரு."

ஆவுடையப்பன் அந்த ஊருக்கு முப்பத்தெட்டு வருடம் தபால் கொடுத்தவர், எண்பத்தொன்பது வயது, பல் அத்தனையும் சொந்தப் பல். வடிவு எழுந்தாள். தூக்குச்சட்டியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு, சுட்ட கருவாட்டை இலையில் மடித்துக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைத் தாங்கி மூன்று தெருவும் நடந்தாள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கிழவரின் தலைமாட்டில் போய் நின்றாள்.

"என்ன செய்யுதிய தாத்தா?"

"ஒண்ணும் செய்யலையே மக்கா. சும்மா படுத்திருக்கேன்."

"எனக்காகப் படுத்திருக்கியளோ?"

கிழவர் திரும்பினார். "எனக்கு வயசாச்சுளா. ஒரு புள்ளைக்கு வழி விட்டுட்டுப் போறதுல என்ன நட்டம்? நானும் பாக்க வேண்டியதெல்லாம் பாத்துட்டேன்."

"நீங்க போயி எம் புள்ள வந்தா, அந்த நாள நான் என்னன்னு கொண்டாட? கேக் வெட்டவா, உங்களுக்குத் திதி குடுக்கவா? அது பெரிசாயி, நான் பொறக்கதுக்கு யாரு பட்டினி கெடந்து செத்தான்னு கேட்டா என்ன சொல்லட்டும்?" வடிவு மூச்சு வாங்கத் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் தானாக எழ முடியாது என்பது இருவருக்கும் தெரியும். "நீங்க இந்தக் கஞ்சியக் குடிக்கிற வரைக்கும் நானும் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன். நாங்க ரெண்டு உசுரு. பாத்துக்கிடுங்க."

கிழவர் கொஞ்சநேரம் கருவாட்டு வாசனையோடு போராடினார். பிறகு எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டு, "அந்தக் கருவாட்ட இங்க தள்ளு," என்றார். அவர் சட்டியை வழித்து முடிக்கும்வரை வடிவு நகரவில்லை. அவர் மருமகளும் பக்கத்து வீட்டுக்காரியுமாகச் சேர்ந்துதான் அவளைத் தூக்கி நிறுத்தினார்கள்.

திரும்பி வரும்போது கால் ஓய்ந்துபோய் ஓடைக்கரைக் கல்லில் உட்கார்ந்தாள். கிழவரைச் சாப்பிட வைத்தாயிற்று, நல்லதுதான், ஆனால் பிள்ளைக்கு இருந்த ஒரே வழியையும் தானே அடைத்துவிட்டோம் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் வழக்கம்போலக் கரிமூட்டத்துப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. சீமைக்கருவேலத்தை வெட்டி, மண்மூடிக் கரி சுடுகிறவர்கள் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்து அங்கே குடிசை போட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. புகையிலிருந்து குடத்தோடு இறங்கி வந்த ஒரு பெண், வடிவைப் பார்த்ததும் நின்றாள். அவளுக்கும் வயிறு முட்டிக்கொண்டு இருந்தது.

"எத்தன மாசம்க்கா?" என்று கேட்டாள்.

"பன்னெண்டு."

"நெசமாவா!" அவள் சிரித்துவிட்டாள், பிறகு வடிவின் கண்ணைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "எனக்கு இந்த வாரம் சொல்லிருக்காக. பேரு பஞ்சவர்ணம்."

ஒன்பது வருடமாக எதிர்க்கரையில் இருப்பவர்களில் ஒருத்தியின் பேர் அன்றுதான் முதன்முதலாகத் தனக்குத் தெரிகிறது என்பது வடிவுக்கு உறைத்தது. மும்பைக்குப் போன் போட்டார்கள், சென்னைக்குப் போன் போட்டார்கள், ஓடையைத் தாண்டி ஒருத்தரும் பார்க்கவில்லை. வடிவு மெதுவாகக் கேட்டாள்: "நீங்க மொத்தம் எத்தன பேரு இருக்கிய?"

பஞ்சவர்ணம் தன் மாமியார் ராக்குவைக் கூப்பிட்டாள். ராக்கு கரிபடிந்த விரல்களை மடக்கி மடக்கி எண்ணினாள். கைப்பிள்ளை உட்பட முப்பத்திரண்டு.

அன்று சாயங்காலமே ஊர் கூடியது. வடிவு சொன்னதைக் கேட்டுப் பலபேர் தரையைப் பார்த்தார்கள், ஏனென்றால் ராக்கு வந்த முதல் வருடமே பானையில் அரிசி போடுகிறோம் என்று இதே முற்றத்தில் வந்து கேட்டிருந்தாள். சும்மா மறுத்தால் நன்றாக இருக்காது என்று, உங்கள் ஆள் எண்ணிக்கை எங்கள் கணக்குக்கு ஒத்துவராது, பானை வேகாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்போது யாரும் கூட்டிப் பார்க்கக்கூட இல்லை என்பது டீச்சருக்குத் தெரியும். டீச்சரும் அன்று வாய் திறக்கவில்லை.

டீச்சர் இப்போது எழுந்து, "முப்பத்திரண்டு பேரும் வடிவு புள்ளையும் சேந்தா ஆயிரத்து முந்நூத்தி அறுபது. ஒண்ணு கொறையுது," என்றார்.

"பஞ்சவர்ணம் வயித்துல இருக்கத நீங்க எண்ணலையே டீச்சர்," என்றாள் வடிவு.

டீச்சர் விரல்விட்டு எண்ணினார். அந்தச் சின்னக் கணக்குக்கு அவர் விரல்விட்டு எண்ணி ஊர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் தலைவரும் டீச்சரும் வடிவும் ஓடையைத் தாண்டிப் போனார்கள். ராக்கு அவர்களை உட்காரச் சொல்லவில்லை. தலைவர் நீட்டி முழக்கி முடித்ததும், "ஒம்பது வருசமா நாங்க ஆளாத் தெரியல. இப்ப ஒங்களுக்கு ஆளு வேணும்னதும் ஆளாயிட்டமாக்கும்?" என்றாள்.

தலைவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வடிவுதான் பேசினாள். "நீங்க சொல்லுதது நெசந்தான்க்கா. எங்க தேவைக்குத்தான் வந்திருக்கோம். அதுல பொய் சொல்ல எனக்கு வாய் வரல. நாங்க அன்னைக்குச் செஞ்சது தப்பு."

"புள்ள பொறந்த பெறகு எங்களத் தொரத்திவிட்டா?"

"பானையில வெந்தது வெந்ததுதான். தொரத்தணும்னாலும் முடியாது. தண்ணிக்கொழா, பள்ளிக்கூடம், கோயில் கொடை, எல்லாத்துலயும் ஆளுக்குச் சமமா உங்களுக்கும் உண்டு."

ராக்கு நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள். அவளுடைய கவலை அதுமட்டும் இல்லை. பஞ்சவர்ணம் பானையில் அரிசி போட்டுவிட்டால் அவள் பிள்ளையும் இந்த ஊர்க் கணக்கில் மாட்டிக்கொள்ளும், ஏதாவது ஒன்று பிசகினால் அதுவும் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். பஞ்சவர்ணம் வயிற்றைத் தடவிக்கொண்டு யோசித்தாள். பிறகு, "இந்த அக்கா ஒத்தையில பன்னெண்டு மாசம் சொமந்திருச்சு அத்த. நாங்க ரெண்டு பேருமாப் பெத்துக்கிருவோம்," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முப்பத்திரண்டு பேரும் குளித்து, தலை வாரி, கோயில் முற்றத்துக்கு வந்தார்கள். ஒவ்வொருவராகப் பேரைச் சொல்லி ஒரு பிடி அரிசி போட்டார்கள், கைப்பிள்ளையின் விரலைப் பிரித்து ராக்குவே போடவைத்தாள். விறகு எரிந்தது. பானை அசையவில்லை. ஒரு மணி நேரம் போயிற்று, இரண்டு மணி நேரம் போயிற்று, தண்ணீரின் மேல் ஒரு குமிழிகூட வரவில்லை. வடிவும் பஞ்சவர்ணமும் பக்கத்துச் சத்துணவுக் கூடத்தில் பாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள், சுகாதார நிலையத்து நர்ஸம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். வெளியே ஆயிரம் பேர் இருந்தும் விறகு வெடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. தன் பேச்சை நம்பி வந்த பெண்ணையும் சிக்கவைத்துவிட்டோம் என்று வடிவுக்குத் தோன்றியது.

"பஞ்சவர்ணம், என்னால உனக்கும்..." என்று ஆரம்பித்தாள்.

பஞ்சவர்ணம் சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். பிடி இறுகியது. "எக்கா," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. அந்த வலி அவள் கை வழியாகவே ஏறி வந்தது போல வடிவின் இடுப்பையும் கவ்வியது. பன்னிரண்டு மாதமாக ஏங்கிக் காத்திருந்த வலி அது. வடிவு அலறிக்கொண்டே, "வந்துட்டு, வந்துட்டு," என்று சந்தோஷத்தில் கத்தினாள். வெளியே பானைக்குள் முதல் குமிழி உடைந்தது.

அதன் பிறகு என்ன நடந்தது என்பதை இரண்டு பெண்களுமே சரியாகச் சொல்ல மாட்டார்கள். ஒருத்தி முக்கும்போது இன்னொருத்தி முக்கினாள், ஒருத்தி திட்டும்போது இன்னொருத்தியும் திட்டினாள், ஒருத்தி திருநெல்வேலித் தமிழிலும் ஒருத்தி ராமநாதபுரத்துத் தமிழிலும் தங்கள் புருஷன்மார்களைத் திட்டிய திட்டைக் கேட்டு வாசலில் நின்ற இருவரும் முகம் சிவந்து வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். நர்ஸம்மாவும் ராக்குவும் ஆளுக்கொரு பக்கம் குனிந்தார்கள். எந்தப் பிள்ளை முந்தி, எந்தப் பிள்ளை பிந்தி என்று இன்றைக்கு வரைக்கும் தீர்ப்பில்லை. ஊர் கேட்டது ஒரே அழுகையைத்தான். பானை பொங்கி வழிந்து பாதி அடுப்பை அணைத்தது, பெண்கள் குலவை போட்டார்கள், டீச்சர் அரிசி போட்ட கைப்பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

உள்ளே வடிவு பல மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்திருந்தாள். உடம்பு தன்னுடையதுதானா என்று சந்தேகப்படும் அளவுக்கு லேசாக இருந்தது. நர்ஸம்மா பிள்ளையைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து குனிந்தார். வடிவு பிள்ளையைப் பார்க்கவில்லை. நர்ஸம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"யாரு போனா?" என்று கேட்டாள்.

"யாரும் போகல."

"நல்லாப் பாத்தீங்களா? ஆவுடையப்பன் தாத்தா?"

"வெளிய பந்தியில உக்காந்து ரெண்டாந்தடவ சோறு கேட்டு வாங்கிட்டு இருக்காரு. ஒருத்தரும் போகல வடிவு. எல்லாரும் இருக்காங்க."

வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது, துடைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அப்புறம்தான் அவளுக்குப் பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்கத் தோன்றியது.